லேத்துக்கு வந்த வேகப்பெட்டி

எனக்குச் சக்களத்தி ஒருத்தி இருந்தாள். இரும்பால் ஆனவள். கஹவத்தை பஜாருக்குப் போகிற பாதையோரம், எங்கள் வீட்டை ஒட்டிப் போட்டிருந்த தகர மடுவத்தில் குடியிருந்தாள். காலையில் பிளேன்டீயைக் குடித்ததும் என் வீட்டுக்காரர் முதல் வேலையாக அவளுக்குத்தான் எண்ணெய் போடுவார். என் தலை காய்ந்து கிடக்கிறதா என்று ஒரு நாள் கேட்டதில்லை. இதை நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அது ஒரு லேத். இரும்புத் துண்டை வாயில் கவ்விச் சுழற்றும். அவர் உளியைக் கொடுத்துக் கடைந்து, வேண்டிய சாமானைச் செய்து எடுப்பார்.

மூடிப்போன ஒரு றப்பர் தொழிற்சாலையிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை லொறியில் ஏற்றி வந்தோம். அதுவரைக்கும் அவர் தேயிலை பெக்டரியில் ஃபிட்டர். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா. பெக்டரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று அவர் ஒரு நாள் சொன்னார். "ஒங்களுக்கு என்னாங்க, நாளைக்கு அடுப்புல ஒலை வைக்கிறது யாரு?" என்று சண்டை பிடித்தேன். மனுசன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் வேலை வந்தது. தேயிலை பெக்டரியிலிருந்து ரோலருக்கு ஊசி கடைய வருவார்கள். றப்பர் தோட்டத்திலிருந்து மில்லின் அச்சுக்குப் போடுகிற புஷ் கேட்டு வருவார்கள். எல்லோரையும்விட அவசரக்காரர்கள் மாணிக்கக் குழிக்காரர்கள்தான். தண்ணீர் இறைக்கிற பம்பின் சாஃப்ட் தண்டு உடைந்தால் குழிக்குள் தண்ணீர் ஏறிவிடும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சேறும் சகதியுமாக ஓடி வந்து, "பாஸ் உன்னஹே, இக்மன் கரலா தென்ன" என்று சிங்களத்தில் சீக்கிரம் செய்து தரச்சொல்லிக் கெஞ்சுவார்கள். கைத்தொழில்காரரை எல்லாம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். செய்து கொடுத்தால் அடுத்த கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நிற்பார்கள். அந்த மாதிரி மனிதர்கள் வந்து போன வீடு அது. இப்போது அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் மடுவம் இருந்த இடத்தில் தொலைபேசிக்கு உறை விற்கிற கடை. நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த லேத்தின் சத்தம் எனக்கு மனப்பாடம். மோட்டாரிலிருந்து லேத்துக்கு ஒரு தட்டையான பெல்ட் போகும். அதன் இரண்டு முனையையும் இணைத்திருந்த இடம் கப்பியில் ஏறும்போதெல்லாம் டப் என்று ஒரு சத்தம். கப்பியில் பெரிதும் சிறிதுமாகப் படிகள் இருந்தன. பெல்ட் எந்தப் படியில் கிடக்கிறதோ அதற்கேற்ப வேகம். தடித்த இரும்புக்கு மெதுவான படி, மெல்லியதற்கு வேகமான படி. வேகம் மாற்ற வேண்டுமானால் லேத்தை நிறுத்தி, பெல்ட்டைக் கையால் நெம்பி அடுத்த படிக்குத் தள்ள வேண்டும். குசினியில் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே, டப் டப் என்று வருகிற சத்தத்தை வைத்து, சாப்பாட்டுக்கு எப்போது எழும்பி வருவார் என்று சொல்லிவிடுவேன். மூன்று மணிக்கு மழை தகரத்தில் இறங்கினால் மட்டும் ஒன்றும் கேட்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வறட்சி வந்ததே, நீர்த்தேக்கமெல்லாம் வற்றி, நாடு முழுக்க மின்வெட்டு. இந்த நேரம் போகும், இந்த நேரம் வரும் என்று வானொலியில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ஒரு பழக்கம் இருந்தது. கரண்ட் போனதும் ஏதாவது ஒன்றைப் போட்டபடியே விட்டுவைப்போம். சில வீட்டில் பல்பு, சில வீட்டில் ரேடியோ. கரண்ட் வந்தது தெரிய வேண்டுமே! லயத்தில் ஒரு வீட்டு ரேடியோ பாடத் தொடங்கினால் வரிசை முழுக்கப் பிள்ளைகள் "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்துவார்கள். எங்கள் மடுவத்தில் அவர் லேத்தைத்தான் அப்படி விட்டுவைப்பார். சுவிச்சை நிறுத்தமாட்டார். கரண்ட் வந்தால் அது தானாகச் சுற்றும், இவர் விருட்டென்று எழும்பிப் போவார்.

அவரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அத்தனை வருடம் பெக்டரியில் அப்படித்தான் பழகியிருந்தார். அங்கே பெரிய மோட்டார்களுக்கெல்லாம் ஸ்டார்ட்டர் உண்டு. கரண்ட் போனால் உள்ளே இருக்கிற காந்தம் பிடியை விட்டுவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும், ஒருவர் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் அசையாது. அதனால் பெக்டரிக்காரர்களுக்குச் சுவிச்சை நிறுத்துகிற பழக்கமே கிடையாது. எங்கள் மடுவத்தில் இருந்ததோ சும்மா ஒரு கத்திச் சுவிச். காந்தமும் இல்லை, பச்சைப் பொத்தானும் இல்லை. பெக்டரியின் பழக்கம் மட்டும் அவரோடு வந்திருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. வர நேரம் கிடக்கிறது என்று நினைத்து, அதற்குள் பெல்ட்டை மாற்றி வைப்போம் என்று கையை வைத்திருக்கிறார். பாழாய்ப்போன கரண்ட் அன்றைக்குப் பார்த்துச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. குசினியில் இருந்த எனக்கு, சுவரில் பல்பு எரிந்தது முதலில் தெரிந்தது. "கரண்ட் வந்துருச்சுங்க" என்று வாய் திறக்கிறேன், மடுவத்திலிருந்து அலறல்.

வலது கையில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் போயின. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கையைத் தைத்து அனுப்பினார்கள். மிச்சம் இருந்த விரல்களும் நன்றாக மடங்கவில்லை. ஆனால் நான் சொல்ல வருவது கையைப் பற்றி இல்லை. கை ஆறியது. மனுசன் ஆறவில்லை.

எங்கேயாவது ஒரு மோட்டார் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். பஜாரில் மிளகாய் அரைக்கிற மில்லுக்கு முன்னால் போகமாட்டார், சுற்றிக்கொண்டு போவார். இரண்டு மூன்று முறை லேத்துக்கு முன்னால் போய் நின்றார். லேத்துக்கு வருகிற கரண்டையே நிறுத்துகிற மெயின் கைப்பிடியை இறக்கிவிட்டுத்தான் நிற்பார். இருந்தாலும் கையைப் பெல்ட்டுக்குக் கிட்டே கொண்டு போக முடியவில்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்துவிடும். கடைசியில் ஒரு சாக்கை எடுத்து லேத்தின் மேல் போட்டு மூடிவிட்டு வந்து படுத்தார். செத்த வீட்டில் மூடுகிற மாதிரி மூடினார். எனக்கு வந்த அழுகையை அடுப்பங்கரையில் வைத்து அழுதேன்.

பலகை அறுக்கிற மடுவத்தில் வாச்சர் வேலை இருக்கிறது என்று ஆள் வந்து சொன்னார்கள். கதிரையில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. பெல்மதுளையிலிருந்து ஒருவர் லேத்தை விலைக்குக் கேட்டு ஆளனுப்பினார். "குடுத்துரலாம் புள்ள" என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. இரும்பை ஒரு மயிரிழை பிசகாமல் கடைகிற மனுசன், கேட் திறந்து மூடப் போகிறாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் மேலா, கரண்ட் மேலா, அந்தச் சனியன் பிடித்த பெல்ட் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முதலாளி ஒரு நாள் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். முஸ்லிம் மனிதர், என் வீட்டுக்காரரோடு நீண்ட நாள் பழக்கம். தலையில் தொப்பி, கையில் ஒரு அட்டைப் பெட்டி. வண்டியின் பின் சீட்டில் சாக்கில் சுற்றிய ஒரு மோட்டார்.

"தங்கச்சி, பஞ்சிகாவத்தைக்குப் பழைய மெசின் சாமான் பாக்கப் போன எடத்துல இது ஒன்னு கெடச்சி. மோட்டருக்குப் போற கரண்டயே கூட்டிக் கொறைக்கிற பெட்டி. இந்தக் குமிழத் திருப்பினா மோட்டர் மெல்லப் போகும், வேகமாப் போகும். பெல்ட்டுல கை வைக்கத் தேவல்ல."

"அப்படியும் ஒன்னு இருக்கா?" என்றேன்.

"ஈக்கி. புது பெக்டரியில எல்லாம் இதுதான். மோட்டரும் இதுக்கு ஏத்த மோட்டர், தேயில பெக்டரியில கொழுந்து வாட்டுற ஃபேனுக்குப் போட்டிருந்தது. புடிச்சா வச்சிக்கோங்க. இல்லாட்டி என்ட கடைக்கே திருப்பி அனுப்புங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர வாச்சர் வேலைக்கி அனுப்பாதீங்க தங்கச்சி. மனுசன் ரெண்டு மாசத்துல போய்ச் சேந்துருவாரு" என்றார். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்லத் துணிவில்லாமல் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெல்மதுளைக்காரருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை லொறியோடு வருகிறார் என்றார். "வரட்டும். அதுவரைக்கும் இது சுவத்துல இருந்துட்டுப் போகுது" என்று நான்தான் பிடிவாதமாகப் பிடித்தேன். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் பாதி யுத்தம், பாதி மின்வேலை.

பஜாரிலிருந்து ஒரு சிங்கள வயரிங் பாஸ் வந்தார். தமிழ் கொஞ்சம் வரும், மிச்சத்தைச் சிரிப்பால் நிரப்புவார். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு முதலாளி கொண்டு வந்ததை லேத்துக்குப் பூட்டினார். எண்ணெயும் இரும்புத் தூளும் தெறிக்காத உயரத்தில், காற்று வருகிற மாதிரி சுவரில் பெட்டியை மாட்டினார். வீட்டு லைனிலிருந்து வருகிற வயரை மேல் வாயில் கொடுத்தார், மோட்டாருக்குப் போகிற மூன்று வயரையும் கீழ் வாயில் கொடுத்தார். "அக்கே, இது மாத்திக் குடுத்தா இவரு மள" என்று நாக்கை வெளியே நீட்டிக் கண்ணை மூடிக் காட்டினார். மாற்றிக் கொடுத்தால் செத்துவிடுமாம். மோட்டாரின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த செம்புத் தகடுகளைக் கழற்றி வேறு மாதிரி போட்டார். எங்கள் வீட்டுக் கரண்டுக்கு அப்படித்தான் வேண்டுமாம்.

மெயினைப் போட்டதும் பெட்டியின் முகத்தில் சிவப்பு எழுத்து எரிந்தது. குமிழைத் தொட்டதும் வீடு முழுக்க இருண்டது. கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்ற லைனை வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிச் விழுந்துவிட்டது. திரும்பப் போட்டோம், திரும்ப விழுந்தது. இந்தப் பெட்டியிலிருந்து கொஞ்சம் கரண்ட் எர்த் வயரில் கசியுமாம், அதற்கே அந்தச் சுவிச் பயந்து விழுகிறதாம். "ட்ரிப் சுவிச் எக்க அயின் கரமு" என்றார் பாஸ். அதைக் கழற்றிவிடுவோம் என்கிறார்!

"ஏன் பாஸ், மிச்சம் இருக்கிற விரலையும் எடுத்துரலாம்னு பாக்கிறீங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் மனுசன் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். "ஹரி ஹரி அக்கே, களபல வென்ன எப்பா" என்று பதறாமல் இருக்கச் சொன்னார். மறுநாள் முதலாளி கடையிலிருந்து லேத்துக்கென்று தனியாக, இந்த மாதிரி பெட்டிக்கு ஏற்ற ட்ரிப் சுவிச் ஒன்றைக் கொண்டு வந்து, எர்த்தையும் புதிதாக அடித்து முடித்தார். அதன் பிறகு வீடு இருளவில்லை.

பெட்டியோடு ஒரு சிறிய ஆங்கிலப் புத்தகம் வந்திருந்தது. பாஸ் அதைப் பிரிக்கவே இல்லை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், பிள்ளைக்காம்பராவில் துரைமார் வீட்டு அம்மாக்கள் வந்து போனதில் கொஞ்சம் ஆங்கிலம் பிடிபடும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மோட்டாரின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: எவ்வளவு கரண்ட் குடிக்கும், எவ்வளவு சுற்றும் என்று. தொடங்கும்போது எத்தனை நேரத்தில் வேகம் எடுக்க வேண்டும், நிற்கும்போது எப்படி நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஒவ்வொரு எண். பொத்தானை அழுத்தி அழுத்தி என் பெருவிரல் வீங்கிவிட்டது.

முதல் தடவை குமிழைத் திருப்பியபோது லேத் அசைந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதுவரைக்கும் அது எடுத்ததும் பாயும். இப்போது தூக்கத்திலிருந்து எழும்புகிற மாதிரி மெல்ல, மெல்லத் திரும்பியது. மோட்டார் மெல்லிய குரலில் கீச்சென்று பாடியது. குமிழைத் திருப்பத் திருப்ப டப் டப் என்ற பெல்ட் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, ஒன்றாகிப் போனது. வெளியே நின்ற என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார்! உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் அந்தக் கண் எனக்குத் தெரிந்த கண். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

"மெல்ல ஓடையில மோட்டார் சுடும்" என்றார் வாசலிலிருந்தே. மோட்டாரின் பின்னால் இருக்கிற விசிறியும் சேர்ந்து மெதுவாகத்தானே சுற்றுகிறது என்றார். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கொண்டு போய் லேத்தின் லைனிலேயே சொருகி மோட்டாருக்கு நேராக வைத்தோம். அன்றிலிருந்து மோட்டாருக்கு ஃபேன், எனக்குப் பழைய பேப்பர். சக்களத்தி என்று சும்மாவா சொன்னேன்.

அடுத்த நாள் அவர் உள்ளே வந்தார். ஒரு சிறிய இரும்பைப் பூட்டிக் கடைந்து பார்த்தார். பெல்ட்டைத் தொடத் தேவையில்லை, உண்மைதான். ஆனால் இரும்பை மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும், அளந்து பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் சுழலுகிற வாய்க்குள் கை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் போய் மெயின் கைப்பிடியைப் படாரென்று இறக்கினார். திரும்பி வந்து அளந்தார். திரும்பப் போய் ஏற்றினார். இப்படியே ஒரு காலை நேரம் முழுக்க.

ட்ரிப் சுவிச்சைப் பார்க்க வந்த பாஸ் அதைக் கண்டு தலையில் கை வைத்தார். "மெயின் அடிக்கடி எப்பா! உள்ள இருக்கிற சாமான் ஒவ்வொரு தடவயும் நெறஞ்சு நெறஞ்சு காலியாகும். கொஞ்ச நாள்ல மள." அடிக்கடி கைப்பிடியை இறக்கி ஏற்றினால் பெட்டி செத்துவிடும். பெட்டியின் நிறுத்துகிற பொத்தானை அழுத்திவிட்டு வேலை பார்க்கச் சொன்னார்.

"பொத்தான நம்பிக் கைய உள்ள விடவா?" என்றார் இவர். அவ்வளவுதான். உளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். "எனக்கு முடியாது புள்ள. பொத்தானுக்குப் பின்னால கரண்ட் நிக்கிது, எனக்குத் தெரியிது. கரண்ட் போய் வந்துச்சுன்னா அது என்னாத்த செய்யும்னு யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கெழம அவர் வரட்டும். கொண்டு போகட்டும்."

கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதை நானும் யோசித்திருக்கவில்லை. கரண்ட் போய் வந்தால் இது என்ன செய்யும்?

அவர் குளிக்க ஆற்றுக்குப் போன நேரம் நான் மடுவத்துக்குள் போனேன். லேத்தை ஓட்டுவதற்கென்று பாஸ் பெட்டிக்கு வெளியே ஒரு சிறிய சுவிச் வைத்துக் கொடுத்திருந்தார்; பொத்தானை அழுத்தி நிறுத்தினாலும் அது போட்டபடியே கிடக்கும். அதைத் தட்டி லேத்தை ஓடவிட்டேன். எட்டி நின்று மெயினை இறக்கினேன். லேத் நின்றது. எழுத்து அணைந்தது. திரும்ப மெயினை ஏற்றினேன். எழுத்து எரிந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, ஐயோ சாமி, அது தானாகவே சுற்றத் தொடங்கியது!

அதே பேய், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. மனுசன் இதை நம்பி அந்தப் பொத்தானோடு வேலை செய்திருந்தால்? அன்றைக்கே பெட்டியை முதலாளியிடம் எறிந்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. ஆனால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தேன். முன்பு அவசரத்தில் தாண்டிப் போன ஒரு பக்கத்தில் அது இருந்தது. கரண்ட் திரும்பி வரும்போது சுவிச் போட்டபடி இருந்தால் ஓட வேண்டுமா, ஓடக்கூடாதா என்று நாம்தான் சொல்ல வேண்டும். பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை, அது ஓடியது. எண்ணைத் தேடி மாற்றினேன். திரும்ப ஓடவிட்டு, இறக்கி, ஏற்றினேன். எழுத்து எரிந்தது. லேத் அசையவில்லை. சுவிச்சை ஒரு தடவை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்ட பிறகுதான் ஓடியது. பெக்டரி ஸ்டார்ட்டர் மாதிரியேதான்! அதற்குப் பிறகு அவர் வெளியே போகிற நேரமெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவையும் ஏமாற்றவில்லை. வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மழை. பெல்மதுளைக்காரர் பத்து மணிக்கு மேல் லொறியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, லேத்துக்குக் கடைசியாக எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது.

"ஓட விடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"ஓட விடுங்கன்னா ஓட விடுங்க."

சுவிச்சைத் தட்டினார். லேத் ஓடியது. நான் போய் மெயினை இறக்கினேன். லேத் நின்றது, எழுத்து அணைந்தது. சுவிச் போட்டபடியே இருந்தது. நான் லேத்தின் பக்கம் வந்து, பெல்ட்டும் கப்பியும் சேருகிற இடத்தில், அவர் விரல் போன அதே இடத்தில், என் வலது கையை வைத்தேன்.

"இப்ப மெயின போடுங்க."

"ஒனக்கு என்னா பைத்தியமா? கைய எடு புள்ள!"

"போடுங்க. ஓடாது. கரண்ட் வந்தா ஓடக்கூடாதுன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கேன். எத்தன தடவ போட்டுப் பாத்துட்டேன் தெரியுமா?"

அவர் மெயினுக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்தார். ஏற்றவில்லை. நான் விடவில்லை. "போடுங்க! ஆம்பளதானே நீங்க? போடுங்க!" என்று கத்தினேன். தகரத்தில் மழை கொட்டுகிறது, அதற்கு மேல் நான் கத்துகிறேன்.

"என்னால முடியாது" என்றார். முகம் கோணிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் விரல் இல்லாத கையைப் பார்த்தபோதுகூட அழாத மனுசன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "ஒன் கை போச்சுன்னா நான் என்னாத்துக்கு இருக்கேன்?"

இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் செய்து, ஒரு நாளும் வாயைத் திறந்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை. அவரே வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். பிறகு, சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துவிட்டு, தன் வலது கையை, அந்த மூன்று விரல் கையை, பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவில் வைத்தார்.

"நீ போடு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் அவரிடம் என்ன கேட்டேன் என்று. கைப்பிடிக்குக் கிட்டே போய் நின்றேன். ஓடாது என்று எனக்குத் தெரியும். என் கையாலேயே மாற்றிய எண். என் கண்ணாலேயே பார்த்தது. இருந்தும் கை மேலே போக மாட்டேன் என்கிறது. கஹவத்தைப் பஜாரில் இருக்கிற அத்தனை தெய்வத்தையும், கதிர்காமத்துச் சாமியையும் கூப்பிட்டேன்.

"இடது கையையாவது வைங்களேன்" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"பயப்படுறது இந்தக் கைதான் புள்ள. போடு."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏற்றினேன். விர்ரென்று சத்தம் கேட்டு உயிர் போய் வந்தது. கண்ணைத் திறந்தால் டேபிள் ஃபேன். சுற்றிச் சுற்றி அவருடைய வெள்ளைச் சட்டையை ஆட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் எழுத்து எரிந்தது. பெல்ட் அப்படியே கிடந்தது. அவரும் அப்படியே நின்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு.

"போட்டுட்டியா?" என்றார்.

"போட்டு எவ்வளவு நேரமாச்சு" என்றேன்.

கண்ணைத் திறந்து பெல்ட்டைப் பார்த்தார். எரிகிற எழுத்தைப் பார்த்தார். கையை மெல்ல எடுத்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். இருந்ததெல்லாம் இருந்தது. பாதையில் லொறி ஒன்று வந்து நின்று ஹார்ன் அடித்தது. அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உளியைத் தேடினார்.

"பெல்மதுளைக்காரர்கிட்ட நீயே பேசி அனுப்பிரு புள்ள. எனக்கு வேல கெடக்கு."